தலைக்கு வந்தது

எல்லோருக்கும் வணக்கம்.

பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மூன்று நாள் போட்டியை ஒரு தகராறு இல்லாமல் நடத்தி முடித்த உடற்கல்வி இயக்குநர் அவர்களே, கோப்பை வழங்க வந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஐயா அவர்களே, விடியற்காலையில் வந்து மைதானத்தைக் கூட்டிக் கோடு போட்ட பணியாளர்களே, ஆடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! நான் கேட்ட தலைப்பையே எனக்குக் கொடுத்த முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மூத்த ஆட்டக்காரர் ஐயாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போதாது. அவர் பந்தோடு ஓடி வருவதைப் பார்க்க நாங்கள் மதில் மேல் ஏறி நின்ற காலம் உண்டு.

மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அவர் ஆட்டம். இரண்டு, கறுப்பின இளைஞராக அந்தக் கால அமெரிக்காவில் அவர் பட்ட பாடு. மூன்று, அவருக்கு வாய்த்த நண்பர்.

1933இல் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ராங்கின் என்ற ஊரில் பிறந்தவர். உயரம் ஆறடி ஏழு அங்குலம். லொரெட்டோ என்ற மலையூரில் செயின்ட் பிரான்சிஸ் என்று ஒரு சின்னக் கல்லூரி. அதற்காக ஆடினார். 1955இல் நியூயார்க்கில் கல்லூரி அணிகளுக்கான தேசிய அழைப்புப் போட்டி நடந்தது. இவர் அணிக்குக் கிடைத்தது நான்காவது இடம்தான். ஆனாலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இவருக்குத்தான் கொடுத்தார்கள். கோப்பை வாங்காமல் வீட்டுக்குப் போகிற தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இவர்களைத் தோற்கடித்தது சின்சினாட்டி பல்கலைக்கழகம். அந்த அணியில் ஆடிய வெள்ளைக்கார இளைஞர் ஜாக் ட்வைமன். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு இருவரும் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ராயல்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் பருவத்திலேயே ஸ்டோக்ஸ் சிறந்த புதுமுகம். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப் பறிப்பதற்கு ரீபவுண்ட் என்று பெயர். இரண்டாம் பருவத்தில் 1,256 ரீபவுண்ட். அன்றைக்கு அது சாதனை.

1958 மார்ச் 12. மினியாபொலிஸ் நகரில் வழக்கமான சுற்றின் கடைசி ஆட்டம். வளையத்தை நோக்கிப் பாய்ந்தவர் நிலைதடுமாறி விழுந்தார். தலை தரையில் மோதியது. நினைவு போய்விட்டது. மூக்கருகே உப்பு மருந்தைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தார். மறுபடி ஆடவும் போனார்.

எங்கள் பாட்டி வாய்க்கு வாய் ஒரு பழமொழி சொல்வார்: 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.' அன்று அரங்கில் இருந்தவர்களும் அப்படித்தான் பெருமூச்சு விட்டிருப்பார்கள். மூன்று நாள் கழித்து டெட்ராய்டில் அடுத்த சுற்று ஆட்டம். அதிலும் ஆடினார். திரும்பும்போது விமானத்திலேயே உடல்நிலை மோசமாகி, வலிப்பு வந்து நினைவிழந்தார். மறுபடி கண் விழித்தபோது கை கால் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. வயது இருபத்து நான்கு.

இனி ட்வைமன். பருவம் முடிந்ததும் மற்றவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ட்வைமனுக்கு, அப்போது ராயல்ஸ் அணியின் ஊராக இருந்த சின்சினாட்டியிலேயே வீடு. ஆஸ்பத்திரிச் செலவோ மலையாய் ஏறுகிறது. ஸ்டோக்ஸின் வங்கிப் பணத்தை எடுக்கக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். ட்வைமனுக்கு வயது இருபத்து மூன்று. நீதிமன்றம் போனார். சட்டப்படி நண்பனுக்குக் காப்பாளர் ஆனார். நம் வீட்டில் உடன்பிறந்தவர்களே கையெழுத்து என்றதும் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

சரி, பேச முடியாதவரோடு எப்படிப் பேசினார்? கட்டில் பக்கத்தில் நின்று ட்வைமன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஏ... பி... சி... டி... வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண்ணைச் சிமிட்டுவார். மறுபடி முதலிலிருந்து ஏ... பி... சி... அடுத்த எழுத்துக்கு இன்னொரு சிமிட்டல். 'தண்ணீர்' என்று கேட்கவே எவ்வளவு நேரம் ஆகும், யோசித்துப் பாருங்கள். ட்வைமனுக்குப் பொறுமை போகவில்லை. தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போராடி வாங்கினார். நியூயார்க் பக்கம் மலைப்பகுதியில் ஒரு விடுதியில் கோடைதோறும் நிதி திரட்டும் ஆட்டம் நடத்தினார். வில்ட் சேம்பர்லேன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். இப்படிப் பன்னிரண்டு ஆண்டு. 1970 ஏப்ரல் 6ஆம் தேதி மாரடைப்பில் ஸ்டோக்ஸ் இறந்தார். அவர் விருப்பப்படியே லொரெட்டோ கல்லூரிக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 2004இல், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் ஸ்டோக்ஸைச் சேர்த்தபோது அந்தக் கௌரவத்தை அவர் சார்பில் வாங்கிக்கொண்டவரும் ட்வைமன்தான். இப்போது என்.பி.ஏ.வில் சிறந்த சக ஆட்டக்காரருக்கான விருது இந்த இருவர் பெயரிலும் இருக்கிறது.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருடம் வேறொரு ஊரில் ஒரு போட்டி. ஒரு பையன் கூடைக் கம்பத்தில் தலை மோதி விழுந்தான். முகத்தில் சோடா தெளித்தார்கள், முதுகைத் தட்டினார்கள், ஐந்தே நிமிடத்தில் உள்ளே அனுப்பினார்கள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்றார். எனக்கு உடனே மினியாபொலிஸ் ஞாபகம் வந்து கை சில்லிட்டுப் போனது. பையன் நல்லபடியாக இருக்கிறான். ஆனால் அன்று மைதானத்தில் ஒரு டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, காப்பீடும் இல்லை.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, அன்று மறுபடி ஆடவிடக் கூடாது என்பதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். ஆள் எழுந்து நின்றுவிட்டால் தலைப்பாகையோடு போய்விட்டது என்று நாமாகத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவதாகச் சொன்னேனே, கறுப்பின இளைஞராக ஸ்டோக்ஸ் பட்ட பாடு, அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் பக்கம் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறேன். மைதானத்தில் டாக்டர், ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காப்பீடு, தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டத்திலிருந்து ஓய்வு: இந்த மூன்றும் இல்லாமல் போட்டிக்கு அனுமதி கொடுக்காதீர்கள் என்று கேட்கும் மனு. முதல்வர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெற்றோர்கள் இருநூறு பேராவது இங்கே இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், பேனா அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.