அலுமினியக் கதவும் அடித்த எண்ணும்: ஆல்ஃபா ஜிடிஏ-வின் பூர்வீகம்

எல்லோருக்கும் வணக்கம்.

இத்தாலியப் பந்தயக் கார் என்றதும் சிவப்பு ஃபெராரிதான் பலருக்கு ஞாபகம் வரும். நான் இன்றைக்குப் பேச வந்தது வேறு கார்களைப் பற்றி. நாலு பேர் உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம், திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் போகலாம். அப்படிப்பட்ட காரையே எடுத்துப் பந்தயத்தில் விட்டார்கள். டூரிங் கார் பந்தயம் என்பது அதுதான். கடையில் விற்கிற காரின் உருவம் மாறக் கூடாது. உள்ளே எவ்வளவு கை வைக்கலாம் என்பதற்கு விதிப்புத்தகம் உண்டு.

இத்தாலியில் இதற்கு நல்ல தொடக்கமாக 1950-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 1900-ஐச் சொல்லலாம். போருக்கு முன்னால் ஆல்ஃபா என்றால் வசதி படைத்தவர்களுக்காகக் கையால் கட்டிய கார். 1933 முதல் நிறுவனம் அரசின் கையில் இருந்தது. போர் முடிந்ததும் நிறையக் கார் செய்து நிறையப் பேருக்கு விற்றாக வேண்டிய நிலை. 1900-தான் அவர்கள் தனி அடிச்சட்டகம் இல்லாமல், உடலே சட்டகமாக இருக்கும்படி செய்த முதல் கார். ‘பந்தயங்களில் ஜெயிக்கும் குடும்பக் கார்’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஆல்ஃபா மட்டுமல்ல, அடுத்த ஆண்டே இத்தாலியின் நீண்ட சாலைப் பந்தயமான மில்லே மிலியாவில், இன்னொரு இத்தாலிய நிறுவனமான லான்சியாவின் ஔரேலியா பி20 மொத்த வரிசையில் இரண்டாவதாக வந்தது. ஓட்டியவர் ஜியோவான்னி பிராக்கோ. இரண்டு லிட்டர் எஞ்சின்தான். முதலில் வந்த ஃபெராரிக்கு அதைப்போல இரண்டு மடங்கு பெரிய எஞ்சின்.

டூரின் நகரில் கார்லோ அபார்த் சின்னஞ்சிறு ஃபியட் 600-ஐ எடுத்துக்கொண்டார். பின்பக்க எஞ்சின் மூடியைத் திறந்தபடியே நிறுத்திவைத்து ஓடும் அந்தக் கார்கள், 1960-களின் நடுவில் சிறிய எஞ்சின் பிரிவில் ஐரோப்பாவையே ஆண்டன. அபார்த்தைப் பற்றி இன்னொரு நாள் முழுதாகப் பேசலாம். இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கார் போதும்: ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடிஏ.

1963-ல் வந்த ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி, கார் உடல்களை வடிவமைக்கும் பெர்த்தோனே நிறுவனத்தில் இளைஞராக இருந்த ஜியார்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்த அழகான கூப்பே, அதாவது இரண்டு கதவுக் கார். அதிலிருந்து 1965-ல் பிறந்தது ஜிடிஏ. எடை குறைப்புதான் அதன் நோக்கம். எலும்புக்கூடு எஃகு. மேலே போர்த்திய தகடுகள் அலுமினியக் கலவை: கதவு, கூரை, பானெட், டிக்கி மூடி, மட்கார்டு எல்லாம். கேம்ஷாஃப்ட் மூடி, எண்ணெய்த் தொட்டி, சக்கரங்கள் மக்னீசியம். இப்படிச் சுரண்டிச் சுரண்டி 745 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் 1570 சிசி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். சாலைக்கு விற்றது 115 குதிரைத் திறன். பந்தயத்துக்குத் தயார் செய்ததோ 170 வரை தந்தது. செய்தது மொத்தம் சுமார் 500 கார்கள்.

பந்தயப் பொறுப்பு ஆல்ஃபாவின் பந்தயப் பிரிவான ஆட்டோடெல்டாவிடம் இருந்தது. அதை நடத்திய கார்லோ கிட்டி, ஃபெராரியில் இருந்தபோது 1961-ல் உலகப் பட்டம் வென்ற காரை வடிவமைத்தவர். பருத்த உடம்பும், தெரு நாய்கள் மேல் தீராத பிரியமும் கொண்ட மனிதர். மார்ச் 1966-ல் மொன்சாவில் நடந்த நான்கு மணி நேரப் பந்தயத்தில் முதல் ஏழு இடங்களும் ஜிடிஏ-க்களுக்கே. முதலிடம் ஆந்திரேயா தே அதாமிச், தியோதோரோ ஜெக்கோலி ஜோடிக்கு. அது நடந்து ஒரு வாரம் ஆகவில்லை, அமெரிக்காவில் செப்ரிங்கில் நடந்த, டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்க டூரிங் கார் தொடரின் முதல் பந்தயத்தில் யோகன் ரிண்ட் ஒரு ஜிடிஏ-வை ஓட்டி, பெரிய பெரிய வி8 கார்களையும் தாண்டி முதலாவதாக வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்தப் பிரிவின் ஐரோப்பியப் பட்டம் தே அதாமிச்சுக்கு.

சரி, இவ்வளவு புகழ் பெற்ற காரின் வரலாறு தெளிவாக இருக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். இன்று ஒரு ஜிடிஏ உங்கள் முன் நிற்கிறது, ‘இதுதான் மொன்சாவில் ஓடியது’ என்று உரிமையாளர் சொல்கிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

பந்தய முடிவுப் பட்டியலில் ஓட்டுநர் பெயர் இருக்கும், பந்தய எண் இருக்கும். சேசிஸ் எண், அதாவது காரின் உடலில் அடித்த அடையாள எண், பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. பந்தயக் கார் ஒரு கருவி. இடித்தால் வேறு உடல் மாட்டுவார்கள், எஞ்சினைக் கழற்றி அடுத்த காரில் வைப்பார்கள், பழைய எண்ணையும் காகிதத்தையும் புதிய உடலுக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். சீசன் முடிந்ததும் வந்த விலைக்கு விற்றுவிடுவார்கள்.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம், மிலானுக்குப் பக்கத்தில் ஆரேசேயில் உள்ள ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகம். எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும் எண்ணைக் கொடுத்தால், கார் எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த ஊருக்கு விற்றார்கள் என்று சொல்வார்கள். அடுத்தது இத்தாலியின் பொது வாகனப் பதிவேடு. 1927-லிருந்து இருக்கிறது. உரிமையாளர்கள் வரிசையாக அதில் கிடைப்பார்கள். பழைய இத்தாலிய நம்பர் பிளேட்டில் மாகாணத்தின் சுருக்கெழுத்து இருக்கும், மிலானுக்கு எம்ஐ, டூரினுக்கு டிஓ. கார் வேறு மாகாணத்துக்குப் போனால் பிளேட்டும் மாறும். எனவே பிளேட்டுகளின் வரிசையே காரின் ஊர்வலப் பாதை. ஆனால் சாலைக்கே வராமல் பந்தயத்தில் மட்டும் ஓடிய காருக்கு இந்த வழி உதவாது.

அப்புறம் புகைப்படங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பந்தய எண் வாராவாரம் மாறும், அதை நம்பிப் பயனில்லை. இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், மட்கார்டை எவ்வளவு வெட்டி விரித்திருக்கிறார்கள், முந்தைய மோதலில் வாங்கிய நெளிவு எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரே சிவப்பில் வரும் அணிக் கார்களைத் தூரத்திலிருந்தே பிரித்தறிய மூக்கில் வேறு வேறு நிறப் பட்டை தீட்டுவது அந்த நாள் அணிகளின் வழக்கம். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சளா வெளிர்நீலமா என்று தெரியாமல் கண் வலிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

கடைசியாக உலோகம். கதவில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் ஜிடிஏ என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று அது போதாது, புதிய அலுமினியத் தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. சாதாரண ஸ்பிரிண்ட் ஜிடி-க்கு அவற்றைப் போர்த்திவிடலாம். இன்னொரு பக்கம், எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். அதனால் உண்மையான ஜிடிஏ-க்கள் பலவற்றில் முதல் தகடு பாதிகூட மிஞ்சவில்லை. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும் நகலும், ஒட்டுப்போட்ட அசலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பழைய கார்ப் பந்தயத்துக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் இதைத் தீர்க்காது. கார் அந்தக் காலத்து அமைப்புக்குப் பொருந்துகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதன் பூர்வீகத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

இங்கே என் கருத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பந்தயக் காரைப் புதுப்பிக்கும்போது பழைய வெல்டிங்கையும் அவசரத்தில் அடித்த ரிவெட்டையும் அழித்துப் பளபளப்பாக்குவது பெரிய இழப்பு. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்காகச் சனிக்கிழமை இரவு யாரோ ஒரு மெக்கானிக் போட்ட அந்த ஒட்டுதான் காப்பகத்தில் இல்லாத சாட்சி. அழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடினால், இரண்டின் கதையையும் அப்படியே எழுதி வையுங்கள். ஒன்றைப் பொய் என்று தள்ள அவசரப்பட வேண்டாம்.

இது தூரத்து ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். பம்பாயில் பிரீமியர் கட்டிய ஃபியட் 1100-கள், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய அதே கார்கள், சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியிருக்கின்றன. இத்தாலியில் வரைந்த குடும்பக் கார், இங்கே நம் மெக்கானிக்குகள் கையில் பந்தயக் காராக மாறியது. அவற்றில் எது எங்கே போனது என்று இன்று கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் கிடைக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரப் படம் ஏதாவது இருந்தால், இந்த வாரமே எடுத்து, பின்பக்கம் பென்சிலால் ஆண்டு, ஓட்டியவர், காரைத் தயார் செய்தவர், பதிவு எண் ஆகிய விவரங்களை எழுதி வையுங்கள். ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.