மைனஸ் 0.9 பெருசா, ப்ளஸ் 0.4 பெருசா? எதிர்மறை ஒட்டுறவு

[திரை: −0.9, +0.4]

ரெண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து மாறுதுன்னு சொல்ற எண்ணுக்குப் பேரு ஒட்டுறவுக் கெழு. அதுல ரெண்டு தர்றேன். எதுல உறவு வலுவா இருக்கு? ப்ளஸ் 0.4னு சொல்லத் தோணும். ஆனா வலுவானது மைனஸ் 0.9. முன்னாடி இருக்கிற குறி திசையை மட்டும்தான் சொல்லும்: ப்ளஸ்னா ஒண்ணு ஏற இன்னொண்ணும் ஏறும், மைனஸ்னா ஒண்ணு ஏற இன்னொண்ணு இறங்கும், அதுதான் எதிர்மறை ஒட்டுறவு. குறியை மறைச்சிட்டுப் பார்த்தா மிச்சம் நிக்குற எண்தான் வலு. மைனஸ் 1லேர்ந்து ப்ளஸ் 1 வரைக்கும்தான் இந்தக் கெழு போகும். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1896ல இதுக்குச் சூத்திரம் கொடுத்தார்.

[சிதறல் படம்: கிடை அச்சு உயரம், நேர் அச்சு வெப்பநிலை]

மேல ஏற ஏறக் குளிருது. சராசரியா 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியா வச்சா, கூட்டம் இடமிருந்து வலமாச் சரியும்.

மைனஸ் எங்கிருந்து வருது? ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குன்னு ரெண்டு பக்கமும் எடுத்துப் பெருக்குறோம். உயரம் சராசரிக்கு மேல இருக்கிற இடத்துல வெப்பநிலை பெரும்பாலும் சராசரிக்குக் கீழ. ப்ளஸை மைனஸால பெருக்கினா மைனஸ். தாழ்வான இடத்துலயும் அதே கதை, குறி மட்டும் இடம் மாறும். எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, ரெண்டு பக்கத்தோட திட்ட விலக்கத்தாலயும் (எண்கள் சராசரியைச் சுத்தி எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு) வகுத்தா கெழு. வகுக்கும்போது அலகு அடிபட்டுப் போயிடும். அதனால மீட்டர்ல அளந்தாலும் அடியில அளந்தாலும் விடை ஒண்ணுதான். அதே காரணத்தால, எத்தனை டிகிரி குறையும்னு கெழுகிட்ட கேட்கவும் முடியாது.

[அட்டவணை: கன அளவு 1, 2, 3, 4, 5, அழுத்தம் 60, 30, 20, 15, 12]

வெப்பநிலை மாறாம ஒரு வாயுவை அடைச்சு வச்சிருக்கோம். கன அளவையும் அழுத்தத்தையும் பெருக்கினா எப்பவும் 60. இதைவிடக் கச்சிதமான எதிர் உறவு வேணுமா? ஆனா கெழு மைனஸ் 0.90தான் வருது. ஏன்னா பியர்சன் கெழு தேடுறது நேர்கோட்டை, இங்க இருக்கிறது வளைகோடு. அதே எண்களைத் தரவரிசையா மாத்தி ஸ்பியர்மேன் கெழு போட்டா சரியா மைனஸ் 1.

எதிர்மறை ஒட்டுறவை ஆசையோட தேடுற இடம் ஒண்ணு உண்டு: முதலீடு. ரெண்டு முதலீடு, ரெண்டுக்கும் திட்ட விலக்கம் 10 சதவீதம், பணம் பாதிப் பாதி. கெழு ப்ளஸ் 1னா மொத்தத்துக்கும் அதே 10. பூஜ்ஜியம்னா சுமார் 7.1. மைனஸ் 0.5னா 5. மைனஸ் 1னா ஏற்ற இறக்கமே இல்ல. பொருளாதார நிபுணர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952ல முதலீட்டைப் பிரிச்சுப் போடுறதைப் பத்தி எழுதின கட்டுரைக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். ஆனா சந்தையில கெழு ஒரே இடத்துல நிக்காது. 2022ல அமெரிக்கப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் சேர்ந்தே சரிஞ்சுது.

[திரை: இரண்டு பகடைகள்]

கடைசியா ஒரு பொறி. எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு பகடை, ஒண்ணு விழுறது இன்னொண்ணைப் பாதிக்காது. 36 ஜோடியையும் எடுத்தா கெழு பூஜ்ஜியம். இப்போ கூட்டுத்தொகை 9 அல்லது அதுக்கு மேல வர்ற 10 ஜோடியை மட்டும் வச்சுக்கோங்க. கெழு மைனஸ் 0.5! பகடை மாறல, நாம வடிகட்டினோம், அவ்வளவுதான்.

1946ல புள்ளியியலாளர் ஜோசஃப் பெர்க்சன் இதை மருத்துவமனைத் தரவுல எடுத்துக் காட்டினார். உள்நோயாளிகளை மட்டும் பார்த்தா, சம்பந்தமே இல்லாத ரெண்டு நோய்க்கு நடுவுல உறவு இருக்கிற மாதிரி தெரியும். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் கூட்டி ஆள் எடுக்கிற இடத்துலயும் இது நடக்கும். உள்ள வந்தவங்களை மட்டும் பார்த்துட்டு, "நல்லா எழுதுறவங்களுக்குப் பேச வராது"ன்னு முடிவு கட்டிடுவாங்க. ரெண்டுலயும் குறைவா எடுத்தவங்க அந்தப் பட்டியல்லயே இல்ல.