சாத்துக்குடி ஊரில் அம்மாவின் சைக்கிள்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் காற்று இல்லாமல் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் குளியலறைக்குள் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

நான் நிற்கிற ஊருக்கு ஹௌட்டன் என்று பெயர். யூட்ரெக்டிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். சுமார் ஐம்பதாயிரம் பேர் இருக்கிற சின்ன ஊர். இரண்டு வருடமாக இங்கேதான் குடியிருக்கிறேன், ஆனால் ஊரைப் பற்றி ஒரு வீடியோகூடப் போட்டதில்லை. என்ன இருக்கிறது காட்ட? பழைய கிராமத்து நடுவில் ஒரு தேவாலயம், நிறைய வாத்து, ஒரே அச்சில் வார்த்தது போல வீடுகள். அவ்வளவுதான். இன்றைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அம்மா.

அம்மா புதுக்கோட்டைக்காரர். போன மாதம் இங்கே வந்தார். 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இயக்கத்திலேயே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள், அதில் அம்மாவும் ஒருத்தர். லேடீஸ் சைக்கிளுக்கெல்லாம் எங்கே போவது? பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான். புடவையைச் செருகிக்கொண்டு, முன் பாரில் என்னை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார். எனக்கு அந்தப் பார் தொடையில் அழுந்தின வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்டவர் 2003இல் சைக்கிளை விட்டுவிட்டார். ஒரு நாள் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி போனது, அவர் வாய்க்கால் ஓரத்தில் விழுந்தார். காயம் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் தொங்கியது. யாராவது கேட்டால் "முட்டி வலி" என்பார். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

இங்கே வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுத் தோழியின் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். இந்த ரகத்துக்கு ஓமாஃபீட்ஸ் என்று பெயர். ஓமா என்றால் பாட்டி. "அப்ப எனக்குன்னே செஞ்சதா?" என்று முறைத்தார். ஏறினார். ஏறியவருக்கு இரண்டு சிக்கல். ஒன்று, இங்கே வலப்பக்கம் போக வேண்டும். இன்னொன்று, கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். நேராக வேலிச் செடிக்குள் போய் நின்றார். அப்புறம் எழுந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "என்னடி, ரோட்டையே காணோம்?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வீடியோ.

ஒரு சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் சுளை சுளையாகத் தெரியுமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் இருக்கிற இடத்தில் ஒரு ரிங் ரோடு, பெயர் ரோண்ட்வெக். உள்ளே இருக்கிற சுளைகள் ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. காரில் வந்தால் தோல் பக்கமிருந்து மட்டும்தான் ஒரு சுளைக்குள் நுழைய முடியும். நுழைந்த சுளையிலிருந்து அடுத்த சுளைக்குக் காரில் நேராகப் போக முடியாது. திரும்ப ரிங் ரோட்டுக்கு வந்து, சுற்றி, அடுத்த வாசலில் நுழைய வேண்டும். சைக்கிளுக்கு அந்தத் தடை இல்லை. சுளைக்குச் சுளை தாவலாம், நடுவே ஊர் மையத்துக்கு நேராகப் போகலாம். என் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் ஆறு நிமிடம். ஒரு நாள் மழைக்குப் பயந்து தோழியின் காரில் போனேன், பன்னிரண்டு நிமிடம் ஆனது.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தது இதுதான். சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது, பூமிக்கு நல்லது என்று இங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. சைக்கிள் சீக்கிரம் போய்ச் சேர்கிறது, அதனால் ஓட்டுகிறார்கள். காரை யாரும் தடை செய்யவில்லை. இதோ பாருங்கள், இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கிறது. பால் பாக்கெட் வாங்க அதை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் முன்னால் போகலாம். ரிங் ரோட்டுக்கு அடியில் போகிற சுரங்கப் பாதை இது. நம்ம ஊர் சப்வேயை நினைத்துக்கொண்டு மூக்கைப் பிடிக்க வேண்டாம். உள்ளே நுழைவதற்கு முன்பே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது, பார்த்தீர்களா? இருட்டு மூலை எதுவும் இல்லை. மேலே போகிற கார் ரோட்டையே கொஞ்சம் உயர்த்திவிட்டால் சைக்கிள் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை. ஏற்றம் மிதிக்க வேண்டியது காரின் இன்ஜின், என் கால் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த வழியாகத் தனியாக வருவேன். பயந்ததில்லை.

அடுத்து இந்தச் சிவப்புத் தார் ரோடு. இதன் பெயர் ஃபீட்ஸ்ட்ராட், சைக்கிள் தெரு. பலகையில் 'ஆட்டோ தெ ஹாஸ்ட்' என்று எழுதியிருக்கிறது. நம்ம மூன்று சக்கர ஆட்டோ என்று நினைத்துவிடாதீர்கள், டச்சில் ஆட்டோ என்றால் கார். கார் இங்கே விருந்தாளி என்று அர்த்தம். வரலாம், ஆனால் வீட்டுக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தால் பின்னால் மெதுவாக வர வேண்டும். அம்மா முதல் நாள் பின்னால் கார் வருவதைக் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். காரும் நின்றுவிட்டது. இவர் அவரைப் போகச் சொல்லிக் கை காட்ட, அவர் இவரைப் போகச் சொல்லிக் கை காட்ட, ஒரு நிமிடம் நாடகம் நடந்தது. ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. "ஏன் அடிக்கல?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1971இல் இந்த நாட்டில் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். 'ஸ்டாப் தெ கிண்டர்மோர்ட்', குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் கச்சா எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் நாடு மெல்லச் சைக்கிள் பக்கம் திரும்பியது. ஹௌட்டன் அதற்கும் கொஞ்சம் முன்னால் யோசித்த ஊர். 1960களில் இது சில ஆயிரம் பேர் மட்டும் இருந்த கிராமம். யூட்ரெக்டில் இடம் போதாமல் இங்கே ஊரைப் பெருக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. ராப் டெர்க்ஸ் என்ற கட்டடக் கலைஞர் போட்ட திட்டத்தில்தான் இந்தச் சாத்துக்குடி வந்தது. பிறகு தெற்கே இன்னொன்றை ஒட்டினார்கள், இப்போது வரைபடத்தில் பார்த்தால் எட்டு மாதிரி இருக்கும். டச்சு சைக்கிள் சங்கம் 2008இலும் 2018இலும் இதைச் சைக்கிள் நகரமாகத் தேர்ந்தெடுத்தது.

இதோ ரயில் நிலையம். தண்டவாளம் மேலே போகிறது, அதற்கு நேர் கீழே சைக்கிள் நிறுத்தம். மூவாயிரம் சைக்கிள் நிற்கும். காலையில் வந்து செருகிவிட்டு, படி ஏறினால் பிளாட்பாரம். நான் தினமும் ரயில் வர இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் உள்ளே நுழைவேன். எது என் சைக்கிள் என்று சாயங்காலம் தேடுவதுதான் தண்டனை.

கீழே "புதுசா கட்டுற ஊர்ல எதையும் செய்யலாம், நம்ம ஊர்ல முடியுமா?" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். பாதி நியாயம். காலி வயலில் கோடு போட்ட ஊரையும் காரைக்குடியையும் ஒப்பிட முடியாது. ஆனால் புதுக்கோட்டையும் கோடு போட்ட ஊர்தான். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது நேர் நேராக அகலத் தெருக்கள் வைத்து அமைத்தார். கீழ ராஜ வீதிக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒன்றின் வாயில் இரண்டு கல்லை நட்டு, கார் நுழையாமல் சைக்கிள் மட்டும் போக விட்டால், அது ஒரு சுளைதானே? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே விலையில்லாமல் சைக்கிள் தருகிறது. அது பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வழியில் மணல் லாரியோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்காற்று வந்தால் மிதித்தாலும் அதே இடத்தில்தான் இருப்போம். மின்சார சைக்கிளில் பறக்கிற விடலைப் பையன்கள் மணிகூட அடிப்பதில்லை. இன்னொன்று, எல்லாச் சுளையும் ஒரே மாதிரி இருக்கிறது.

முந்தாநாள் ஆபீஸிலிருந்து வந்தால் வீட்டில் அம்மா இல்லை. வாசலில் சைக்கிளும் இல்லை. போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்கே?"

"தெரியலடி. ஒரு குளம் இருக்கு. வாத்து இருக்கு. கொத்தமல்லி வாங்கப் போனேன்."

"எல்லா இடத்துலயும் குளமும் வாத்தும்தான் இருக்கும். பெரிய ரோடு எதையாவது தாண்டினியா?"

"ரோடு எங்க இருக்கு தாண்டுறதுக்கு?"

"சரி, சிவப்பு ரோட்டைப் பிடிச்சு வா, ஸ்டேஷன் வந்துரும். நான் அங்க வந்து நிக்கிறேன்."

"நீ வந்து ஏன் நிக்கணும்? சோறு வை. நான் இன்னும் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்."