வீட்டுக் கஷ்டம் பிள்ளையின் மனதில் எப்படி இறங்குகிறது?

[காட்சி: பாலக்கோடு தக்காளி மார்க்கெட், விடியற்காலை]

தக்காளி விலை விழுந்த அன்று பாலக்கோடு பக்கத்தில் ஒரு வீடு. கற்பனை வீடுதான், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்புப் பையன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். விலை என்னவென்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா வண்டியை ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறான்.

வறுமை இப்படித்தான் பிள்ளையிடம் வந்து சேர்கிறது, பெரும்பாலும் பெற்றோரின் முகம் வழியாக.

[காட்சி: காய்ந்த வயல், பிறகு அமெரிக்க வரைபடம்]

1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலத்தின் விலை சரிந்து, விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். ராண்ட் காங்கர், க்ளென் எல்டர் என்ற ஆய்வாளர்கள் அங்கே கிராமப்புறத்தில் 451 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்டது ஒரு சங்கிலி. கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியாதபோது முதலில் பெற்றோரின் மனம் சோர்கிறது. அப்புறம் அவர்களுக்குள் சண்டை. அந்தச் சூடு பிள்ளையிடம் எரிந்து விழுவதாகவோ, பிள்ளை இருப்பதையே கவனிக்காததாகவோ மாறுகிறது. கடைசியில் பிள்ளைக்கு மனச்சோர்வு.

அயோவா எங்கேயோ இருக்கிறது, சரி. ஆனால் விளைச்சல் இருந்தும் கடன் தீராத வீடு எந்த ஊரிலும் ஒன்றுதான். பெற்றோரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களும் அதே சங்கிலியில் மாட்டியவர்கள்.

[காட்சி: பென்னாகரம் பேருந்து நிலையம், மூட்டை முடிச்சுகளோடு ஒரு குடும்பம்]

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பென்னாகரம், அஞ்செட்டி, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, திருப்பூருக்கோ போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். பதினான்கு வயதுப் பெண் தம்பியைக் கிளப்பி, களி கிண்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். “பொறுப்பான பொண்ணு” என்று ஊரே மெச்சும். அவள் எப்போது அழுவாள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பொறுப்பான பிள்ளைகள்தான்.

[காட்சி: வகுப்பறை, கடைசி பெஞ்ச்]

வளரிளம் வயதில் மனச்சோர்வு எப்போதும் சோகமாகத் தெரியாது. எரிச்சலாகத் தெரியும். “திமிர் ஏறிப் போச்சு” என்று நாம் சொல்வது சில சமயம் இதைத்தான். அடிக்கடி தலைவலி, வயிற்று வலி, தூக்கம் கெடுவது, விரும்பி ஆடிய கபடிக்கே போகாமல் இருப்பது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் “வயசுக் கோளாறு” என்று விட்டுவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது.

சங்கிலி என்றால் நடுவில் அறுக்கவும் முடியும். கடன் உடனே தீராது. ஆனால் அன்பாகப் பேசும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் பாதிப்பு குறைகிறது. அது பாட்டியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பி.டி. சாராகவும் இருக்கலாம்.

அதோடு மருத்துவ உதவியும் வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். “செத்துடலாம்னு இருக்கு” என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள்.

[காட்சி: அதே திண்ணை, இரவு]

அந்த வீட்டில் சாப்பாடு முடிந்துவிட்டது. அப்பா பையன் பக்கத்தில் வந்து உட்காருகிறார். “இன்னிக்கு விலை போகலடா. அதான் கத்திட்டேன். உன்மேல கோபம் இல்ல.” பையன் பதில் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.