ரெண்டே நாளில் முடிந்த இசைத்தட்டு

நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன்னால் பேசிவிட்டுப் பாதிக் கைதட்டலை வாரிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தம்பிக்கும், அவையில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

ஆயுசு பூராவும் வைத்துக் கேட்கத் தக்க ஆல்பம் பழைய ராக் இசையிலா, ஜாஸ் இசையிலா? இதுதான் தலைப்பு. ராக் கட்சிக்காரத் தம்பி ரெண்டு கணக்குச் சொன்னார். பீட்டில்ஸ் என்கிற ராக் குழு 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டுக்காக ஐந்து மாசம், ஏறத்தாழ 700 மணி நேரம் ஸ்டுடியோவில் கிடந்தார்களாம். இன்னொரு ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973-இல் வந்து, 1988 வரைக்கும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்ததாம். ரெண்டும் உண்மை, மறுக்கவில்லை. கடைசியில் போகிற போக்கில், "ஜாஸ் எல்லாம் ஓட்டல் லிஃப்டில் போடுகிற பாட்டு" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், அதற்குத்தான் ஜாஸ் கட்சிக்காரன் நான் எழுந்து வந்தேன்.

ஐயா, கச்சேரியில் ஒரு வித்வான் தோடியை விஸ்தாரமாக ஆலாபனை பண்ணுகிறார். "இதை எழுத எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று எவனாவது கேட்பானா? என் கட்சித் தட்டு, ஜாஸ் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', அந்த ஜாதி. 1959, நியூயார்க். சர்ச்சாக இருந்த ஒரு கட்டடத்தை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி ஒரு நாள், ஏப்ரல் 22-ஆம் தேதி ஒரு நாள். தீர்ந்தது வேலை! மைல்ஸ் கொண்டுவந்தது வெறும் குறிப்புகள்தான். மொத்தம் ஐந்து உருப்படி. அதில் நான்கு, முழுசாக வாசித்து முடித்த முதல் தடவையே தட்டில் ஏறிவிட்டது. வாசித்தவர்கள் யார்? சாக்ஸபோனில் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோவில் பில் எவன்ஸ், ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப்.

முதல் உருப்படி 'ஸோ வாட்'. நம் ஊர்க் காதுக்கு அது சாட்சாத் கரகரப்பிரியா ராகத்து ஸ்வரங்கள். ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். எட்டு ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தாளச் சுற்று, அதே ஸ்வரங்கள். அப்புறம் நாலு ஆவர்த்தனத்துக்கு ஆதார சுருதியையே அரை ஸ்வரம் மேலே தூக்கிவிடுவார்கள். மறுபடி கீழே வந்து நாலு. இவ்வளவுதான் சரக்கு, ஒன்பது நிமிஷம்! தொடக்கத்தில் பியானோவும் பாஸும் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். மைல்ஸின் டிரம்பெட் நுழைகிற இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். கொஞ்சம் கூடிப்போச்சோ என்று அவருக்கே பயமாம். அந்த நாதம் அடங்குவதற்குள் மைல்ஸ் ரெண்டு வாக்கியம் பேசி முடித்திருப்பார். திருத்தி எடுக்க ஒரு தவணை கிடைத்திருந்தால் அந்த அடியைக் குறைத்திருப்பார்கள். நல்லவேளை!

இதில் என் சொந்தக் கதை ஒன்று. அப்போது நான் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த காலம். விடுதி அறையில் இந்தத் தட்டைக் கேசட்டில் போட்டுவிட்டு ரெண்டு கட்டைச் சுருதிக் குழலில் கூடவே வாசிப்பேன். அரை ஸ்வரம் தூக்குகிற அந்த நாலு ஆவர்த்தனத்துக்கு மட்டும் மரியாதையாக வாயை மூடிக்கொள்வேன். முதல் பக்கம் ஒட்டவே ஒட்டாது. கேசட் ஒரு மயிரிழை மேலே, நான் கீழே. திருப்பிப் போட்டால் ரெண்டாம் பக்கம் கச்சிதமாக ஒட்டும். மூச்சு சரியில்லை என்று சாதகம் பண்ணினேன், குழலை மாற்றினேன், அறைத் தோழனிடம் திட்டு வாங்கினேன். வருஷங்கள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. மார்ச் மாசம் பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் முதல் பக்கத்து மூன்று உருப்படியும் சரியான வேகத்தில் போடும்போது வேகமாக, சுருதி ஏறி ஒலித்திருக்கின்றன. 1992-இல்தான் சரிபண்ணினார்கள். முப்பத்து மூன்று வருஷம் உலகமே சுருதி ஏறின 'ஸோ வாட்'டைக் கேட்டு உருகியிருக்கிறது, ஐயா! சரிபண்ணின தட்டு கைக்கு வந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது கொஞ்சம் தொய்ந்த மாதிரிதான் இருந்தது.

இப்போது தம்பியின் 741 வாரத்துக்கு வருகிறேன். அந்தப் பிங்க் ஃபிளாய்டில் கீபோர்டு வாசித்த ரிக் ரைட், அதே தட்டின் 'ப்ரீத்' பாட்டில் தான் போட்ட ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஒரு ஸ்வரக் கூட்டு, 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலிருந்து எடுத்தது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். தம்பி கூட்டி வந்த சாட்சி என் பக்கம் பேசுகிறார், நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தனியாக ஜாஸ் குழு வைத்து வாசித்தவர். சம்பளம் அங்கே, மனசு இங்கே.

தம்பி ஒன்றை விட்டுவிட்டார். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டு 1963 பிப்ரவரி 11, ஒரே நாளில் பதிவானவை. அதை எடுத்து வீசியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். பாட்டின் வரி என்று வந்தாலும் ராக்தான் கெட்டி, ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிஷ சாக்ஸபோன் தனி எனக்கே சில ராத்திரிகளில் கொட்டாவி வரவழைத்திருக்கிறது.

ஆனால் கெட்ட பியானோவில் இப்படி ஒரு தட்டு உங்கள் கட்சியில் உண்டா? 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பரா அரங்கம். கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ், 18 வயசுப் பெண். வாசிக்க வந்த ஜாஸ் பியானோக்காரர் கீத் ஜாரெட் கேட்டது பெரிய பியானோ. மேடையில் கிடந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. பெடல் வேலை செய்யவில்லை, மேல் ஸ்தாயி தகரம், கீழ் ஸ்தாயியில் கனம் இல்லை. முதுகு வலி வேறு. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பிய மனுஷனை அந்தப் பெண் கெஞ்சித் திருப்பினார். ஜாரெட் என்ன பண்ணினார்? உருப்படியாக இருந்த நடு ஸ்தாயியிலேயே புழங்கினார். கீழே கனம் இல்லாத குறைக்கு, இடது கையால் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே போனார். கையில் ஒரு குறிப்பும் கிடையாது. தொடக்க ஸ்வரங்களே, ஜனங்களை உள்ளே கூப்பிட அந்த அரங்கத்தில் அடிக்கிற மணியின் ஸ்வரங்கள்! தட்டில் உற்றுக் கேட்டால் முன்வரிசையில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும்.

இதோ, நடுவர் ஐயாவும் மணி அடித்துவிட்டார். ஜாரெட் காதில் விழுந்திருந்தால் இதிலிருந்தே ஒரு மணி நேரம் வாசித்திருப்பார். எனக்கு அந்த வித்தை கிடையாது, உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.