வேகமா? விவேகமா? விவேகமே!

நடுவர் அவர்களே, வியாசர்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த 2026 பிப்ரவரியில் எங்கு திரும்பினாலும் விளையாட்டுதான். இங்கே சேப்பாக்கத்தில் டி20 உலகக் கோப்பை. அங்கே இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக். இந்த மாதம் நம் மனசை அள்ளுவது வேகம்தான் என்று எதிரணித் தம்பி அடித்துப் பேசினார். போகிற போக்கில், "பெண்கள் கர்லிங் என்று காட்டுகிறார்கள், கல்லைத் தள்ளிவிட்டுப் பெருக்குகிறார்கள், இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றும் கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். எனக்கு மனசு வலித்தது.

தம்பி, அந்தக் கல் கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட். ஸ்காட்லாந்தின் ஐல்சா கிரெய்க் தீவில் எடுத்தது. ஏறக்குறைய 45 மீட்டர் நீளப் பனித்தளத்தில் வழுக்கிப் போய், மறுகோடியில் இருக்கிற வட்டத்துக்குள் அது நிற்க வேண்டும். அந்தப் பெண்கள் குப்பையா தள்ளுகிறார்கள்? தேய்க்கத் தேய்க்கப் பனியின் மேற்பரப்பில் சூடேறி உராய்வு குறைகிறது. கல் இன்னும் கொஞ்சம் போகும், வளைவதும் குறையும். எங்கே தேய்ப்பது, எங்கே கையை எடுப்பது என்பதைக் கல் ஓடும்போதே முடிவு செய்ய வேண்டும். துடைப்பம் தெரியாமல் கல்லில் பட்டுவிட்டால், பட்டவரே சொல்லிவிடுவதுதான் அந்த ஆட்டத்தின் மரபு.

இதைவிட என்னை அசத்தியது ஒன்று உண்டு. சுற்றுக்கு ஓர் அணிக்கு எட்டுக் கல். கடைசிக் கல் யார் கையில் என்பதில்தான் பாதி ஆட்டம். புள்ளி எடுத்தால் அடுத்த சுற்றில் அந்த உரிமை எதிரணிக்குப் போய்விடும். யாருமே எடுக்காவிட்டால் கைமாறாது. அதனால், சுலபமாக வரும் ஒரு புள்ளியை வேண்டாமென்று விட்டுவிட்டு, அடுத்த சுற்றில் இரண்டாக எடுக்கக் காத்திருப்பார்கள். நடுவர் அவர்களே, கைக்கு வந்ததை விடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஈவ் மியூர்ஹெட் என்ற ஸ்காட்லாந்துப் பெண், பிரிட்டன் கர்லிங் அணித் தலைவி. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே ஜப்பான். கடைசிக் கல் அவர் கையில். குறி தப்பியது, பதக்கமும் போனது. நான்கு வருடம். 2022 பெய்ஜிங்கில் இறுதிப் போட்டி, எதிரே அதே ஜப்பான், அதே அணித் தலைவி. 10-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். இடையில் அந்தப் பெண் கற்றுக்கொண்டது வேகமா என்ன? அதே 2018இல் வெள்ளி வாங்கிய தென்கொரிய அணியைப் பாருங்கள். பூண்டுக்குப் பேர்போன உய்சோங் என்ற சின்ன ஊரில் ஆட்டம் பழகிய பெண்கள்; கனடாவையும் ஸ்வீடனையும் லீக் சுற்றில் சாய்த்தவர்கள்.

"நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று அடுத்து வருகிறவர் கேட்பார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரை எங்கே வைப்பது, எதிராளி காயை எப்படி மறிப்பது, எந்தக் காயை இப்போது தொடாமல் விடுவது என்று நம் பிள்ளைகள் போடும் கணக்குதான் அங்கே பனியில் நடக்கிறது. இதே வியாசர்பாடியின் இளவழகி 2008இல் கேரம் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இவர்களுக்கு வாழ்த்துத் தட்டி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விவேகத்தால் ஆடுகிற பெண்ணைக் கண்டால், "இது ஒரு ஆட்டமா?" என்ற அதே கேள்வியை நம் தெருவிலும்தான் கேட்கிறோம். கேரம் பலகைக்கு முன் உட்கார்ந்த எத்தனை பெண் பிள்ளைகளை அந்தக் கேள்வி எழுப்பி வீட்டுக்கு அனுப்பியதோ!

தம்பி கேட்ட கேள்விக்கு இந்த மேடை கைதட்டிவிட்டது. அந்தக் கைதட்டலை நடுவர் அவர்கள்தான் தன் தீர்ப்பால் திருத்த வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.