தாத்தா திட்டிய கார், பேத்தி துடைக்கிற கார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கீழவீதியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற திருவாரூர்ப் பெருமக்களே, வணக்கம்.

வண்டியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பேர்பெற்ற முதல் வாகன விபத்து வழக்கே இந்த ஊர்ச் சங்கதிதான். இளவரசன் தேர் ஓட்டினான், கன்றுக்குட்டி சக்கரத்தில் சிக்கியது, பசு வந்து மணி அடித்தது, மனுநீதிச் சோழன் தீர்ப்புச் சொன்னான். எதிரணித் தலைவர் அந்தக் கதையையும் விடவில்லை. "இளசுகளுக்கு அன்றும் இன்றும் வேகம்தான் பிடிக்கும். அதனால் எளிய பழைய கார்களின் மேல் உள்ள ஆசை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது" என்றார். ஐயா, அந்த இளவரசன் ஓட்டியதே கியரும் இல்லாத, தொடுதிரையும் இல்லாத எளிய வண்டிதானே! உங்கள் சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணியின் வாதம் முழுக்க ஒரே ஒரு நினைப்பின் மேல் நிற்கிறது: அந்தக் காலத்தில் எல்லோரும் அம்பாசிடரையும் பியட்டையும் உயிராக நேசித்தார்கள் என்கிற நினைப்பு. நான் டாக்ஸி டிரைவர் மகள். அந்த நேசத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அப்பா ரயிலடியில் டாக்ஸி ஓட்டினார். என்ன கார் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சோறு போட்ட வண்டி, அதன் மானத்தை மேடையில் வைத்து வாங்கக் கூடாது. ஆனால் அவர் அதைத் திட்டாத நாளை நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் நாகூருக்குச் சவாரி போனால் பாதி வழியில் நின்றுவிடும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகிவிடும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு ஏறாது. வாய்க்காலில் துண்டை நனைத்து வந்து பம்ப்பின் மேல் போட்டுவிட்டு, புளியமர நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரிதான். மார்கழி விடியலில் வேறு வியாதி. முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். அதிலும் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறிந்துவிடும். ஸ்டாண்டில் இருந்த ஒருவருக்கு அப்படி முறிந்தும் இருக்கிறது. அந்த வண்டியை விற்ற அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

இதையா ஆசை என்கிறீர்கள்? அப்பா லைசென்ஸ் எடுத்த காலத்தில் வாங்குவதற்கு என்ன இருந்தது? கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாசிடர். பம்பாயில் செய்த பியட், 1970-களில் அதற்குப் பத்மினி என்று பேர் வந்தது. அப்புறம் நம்ம சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்பக்கம் மொத்தமும் சக்கரத்து மேல்மூடியோடு சேர்ந்து முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. ஆனால் கணக்கு மூன்றைத் தாண்டாது. அதற்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒரே ஒரு ஓட்டல், அங்கே கூட்டம் நின்றது என்பதற்காக இட்லி பிரமாதம் என்று சொல்ல முடியுமா? 1983 டிசம்பரில் மாருதி 800 என்று எதிரே இன்னொரு கடை திறந்தார்கள். அப்புறம் கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நடுவர் அவர்களே, தாத்தாவுக்கு இருந்தது தேவை. இன்றைக்கு எந்தக் காரை வேண்டுமானாலும் தவணையில் ஓட்டிக்கொண்டு வரலாம். இந்தக் காலத்தில் ஒரு பிள்ளை போய்ப் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், அதற்குப் பேர்தான் ஆசை.

"2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டதே" என்று கேட்டார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர். நின்றது. அதே வருஷம் மாருதி 800-ம் நின்றது. தேவை தீர்ந்தால் தொழிற்சாலை நிற்கத்தான் செய்யும். ஆனால் 2017-இல் பிரான்சின் பியூஜோ கம்பெனி அம்பாசிடர் என்ற பேரை விலைக்கு வாங்கியது. வண்டி இல்லை, தொழிற்சாலை இல்லை, பேருக்கு மட்டும் 80 கோடி ரூபாய். ஆசை செத்துப்போன பேருக்கு யாராவது 80 கோடி கொடுப்பார்களா? சரி, பணக்காரக் கம்பெனி, விட்டுவிடுவோம். சாதாரண ஆள் கதைக்கு வாருங்கள். பதினைந்து வருஷம் ஆன காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 20,000 ரூபாய். கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டுகிறவர்கள் எல்லோரும் தாத்தாக்கள் இல்லை.

எதிரணிச் சகோதரி ஒரு கிண்டல் செய்தார். கல்யாண போட்டோவுக்குச் சாய்ந்து நிற்கத்தான் இவர்களுக்குப் பழைய கார் வேண்டும் என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, மல்லிகைச் சரத்தைக் கட்டி, பானெட்டில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார்கள். நூறு பேர் சாய்ந்தால் பானெட்டைத் திறந்து பார்ப்பவர் ஒருவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் மட்டும் என்ன? காருக்குச் சொந்தக்காரர் பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வேறு வழி இல்லாமல் திறந்தவர் எங்க அப்பா.

இப்போது திறக்கிறவளைச் சொல்கிறேன். என் மகள். பி.காம் இரண்டாம் வருஷம். வெண்ணாற்றங்கரையில் ஒரு கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே தாத்தா ஓட்டிய அதே ரகக் கார் ஒன்று கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை மூன்று வாரம் பொறுத்திருந்துதான் வண்டியை எடுத்தார்கள், இவளும் இரண்டு சிநேகிதிகளும். தரைத்தகடு பாதி துரு. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய் அதில் ஊறிக் கெட்டுவிடும். எல்லாக் குழாயையும் மாற்றினார்கள். சீட் பெல்ட் போட்டார்கள், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். உடனே எதிரணி "அப்படியென்றால் அது பழைய காரே இல்லையே" என்பீர்கள். நம்ம ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்தது திருச்சி பெல் நிறுவனம். அதற்காக இது பழைய தேர் இல்லை என்று யாராவது வடத்தைக் கீழே போட்டீர்களா?

எதற்கடி இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் பானெட்டுக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். டேங்கில் இருந்து வருகிற குழாய், பம்ப், கார்புரேட்டர், பிளக் வயர் என்று ஒவ்வொன்றையும் என் விரலாலேயே தொட வைத்தாள். டாக்ஸிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அன்றைக்குத்தான் கார் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தது. ஐப்பசி அடைமழையில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போனால் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தால் போதுமாம். பக்கத்து வீட்டுப் புதுக் காருக்குள் போன மழையில் தண்ணீர் புகுந்தது. அங்கே துணி போதவில்லை, இன்சூரன்ஸ்காரர்தான் வந்தார்.

ஒன்றில் மட்டும் எதிரணியோடு சேர்ந்து நானும் வருத்தப்படுகிறேன். மெக்கானிக் இல்லை என்றார்கள், சரியான பேச்சு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பிளேடு கனத்தில் இடைவெளி வைத்து, சத்தத்தைக் காதால் கேட்டே கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்த கைகளெல்லாம் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டன. அவர்கள் பிள்ளைகள் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் கருவி வைத்திருக்கிறார்கள். இதற்கு வேண்டுமானால் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். ஆனால் கைத்தொழில் குறைவது வேறு, ஆசை குறைவது வேறு. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைகிற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்த ஊரில் மல்லாரி கேட்க ஆள் வரவில்லையா?

எங்கள் வீட்டு மெக்கானிக் அப்பாதான். கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேத்தியை விரட்டிக்கொண்டிருப்பார். எட்டு மாசம் கழித்து ஒரு சாயங்காலம் வண்டி முதல்முறை உறுமியது. பெண்கள் மூன்று பேரும் குதித்தார்கள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "டாப்பட் சத்தம் ஜாஸ்தியா இருக்கு. கழட்டுங்கடி" என்றார்.

"விக்கும்போது பாயசம் வெக்கச் சொன்னீங்களேப்பா, இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டேன். "அப்ப சவாரிக்குப் போயாகணும்டி. இப்ப அது ஓடலைன்னா யாருக்கு என்ன?" என்றார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இந்த ஊரில் மணி அடித்தால் நியாயம் கிடைக்கும் என்பது ஐதீகம், தாராளமாக அடியுங்கள். நானும் சீக்கிரம் இறங்க வேண்டும். அந்தக் காரில்தான் வந்தேன். பந்தலுக்குப் பின்னால் நிற்கிறது. மகள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டிருக்கிறாள், பின்சீட்டில் தாத்தா. இறங்கிப்போய்க் கிளப்பும்போது அது கிளம்பாது என்றுதான் நினைக்கிறேன், நாலு பேர் தள்ள வேண்டியிருக்கும். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். தள்ளுவதற்கு எதிரணியில் இருந்து முதலில் ஓடி வருகிறவர் யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.